நெப்போலியன் என்கிற பன்றிக்கு யாருடைய ஜாடை?

‘ஜாடை’ என்ற சொல்லை நாம் இரண்டு பொருளில் பயன்படுத்துகிறோம். பிறந்த குழந்தையைப் பார்க்க வருகிறவர்கள், “மூக்கும் நெற்றியும் அப்படியே தாத்தா ஜாடை” என்பார்கள். அங்கே ஜாடை என்றால் முக ஒற்றுமை. அதே வீட்டில் மாமியார் ஒருவர், பாலைக் குடித்துவிட்டு ஓடிய பூனையைத் திட்டுவார். “உழைக்கிறதுக்கு ஆள் இல்லை, திங்கிறதுக்கு மட்டும் வந்துடுதுங்க” என்பார். பூனைக்கு அது புரியப்போவதில்லை. புரிய வேண்டியவர் அடுப்படியில் நின்றுகொண்டிருப்பார். அது ஜாடைப் பேச்சு.

ஒரு கதையில் வரும் கற்பனைப் பாத்திரம், நிஜத்தில் வாழ்ந்த ஒரு சர்வாதிகாரியைக் குறிக்கிறது என்கிறோமே, அங்கே இந்த இரண்டு ஜாடையும் சேர்ந்து வேலை செய்கின்றன. பாத்திரத்தில் அந்த ஆளின் சாயல் இருக்க வேண்டும். பேரைச் சொல்லாமலே அவரைத்தான் சொல்கிறார்கள் என்று கேட்பவருக்குப் புரியவும் வேண்டும்.

பள்ளியில் அணி இலக்கணம் படித்தவர்களுக்குப் பிறிதுமொழிதல் அணி நினைவிருக்கலாம். சொல்ல வந்ததை விட்டுவிட்டு, அதைப் போன்ற வேறொன்றை மட்டும் சொல்லி, உட்பொருளை வாசகரே எடுத்துக்கொள்ளும்படி செய்வது. அதற்கு ஆசிரியர்கள் வழக்கமாகக் காட்டுவது வலியறிதல் அதிகாரத்தில் வரும் மயிற்பீலி வண்டிக் குறள். இறகுதானே என்று அளவுக்கு மீறி ஏற்றினால் அச்சு முறிந்துவிடும். வள்ளுவர் மனத்தில் இருப்பது வண்டி இல்லை, எளிய பகைவர்கள்தானே என்று பலரையும் ஒரே நேரத்தில் பகைத்துக்கொள்ளும் அரசன். எந்த அரசன் என்று கேட்டால் பதில் கிடையாது. அது எல்லா அரசருக்கும் பொருந்தும், அதுதான் அந்தக் குறளின் பலம். நாம் இங்கே பார்க்கப் போவது அதற்கு நேர் எதிரான வகை. விரல் ஒரே ஒரு ஆளை நோக்கி நீளும் எழுத்து.

இதைப் புரிந்துகொள்ள ஜார்ஜ் ஆர்வெலின் ‘விலங்குப் பண்ணை’யைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. பிகாரின் மோதிஹாரியில் 1903-ல் பிறந்தவர் ஆர்வெல். இயற்பெயர் எரிக் ஆர்தர் பிளேர். 1943 நவம்பரில் எழுதத் தொடங்கி 1944 பிப்ரவரியில் முடித்த இந்தச் சிறிய நாவல் 1945 ஆகஸ்டில் வெளிவந்தது. கதை இதுதான். இங்கிலாந்தில் ஒரு பண்ணை. குடிகார முதலாளி ஜோன்ஸை மிருகங்கள் எல்லாம் சேர்ந்து விரட்டுகின்றன. இனி எல்லோரும் சமம் என்று சுவரில் ஏழு கட்டளைகளை எழுதுகின்றன. பிறகு பன்றிகள் கொஞ்சம் கொஞ்சமாக அதிகாரத்தைப் பிடிக்கின்றன. பன்றிகளுக்குள்ளும் நெப்போலியன் என்ற ஒரு பன்றி எல்லாவற்றையும் தன் கைக்குள் கொண்டுவருகிறது. கடைசியில் அது ஜோன்ஸைவிடக் கொடிய எஜமானன் ஆகிறது. அந்த நெப்போலியன், 1920-களின் பிற்பகுதியிலிருந்து 1953-ல் சாகும்வரை சோவியத் ஒன்றியத்தை ஆண்ட ஜோசப் ஸ்டாலின்.

எப்படி அவ்வளவு உறுதியாகச் சொல்கிறோம்?

பெயரை வைத்துச் சொல்ல முடியாது. பெயர் நம்மைப் பிரான்சுக்குத்தான் அழைத்துப் போகிறது. ஒரு புரட்சியின் வழியாக மேலே வந்து, கடைசியில் தனக்கே முடி சூட்டிக்கொண்ட படைத்தலைவனின் பெயர் அது. புரட்சியை விழுங்கியவன் என்ற ஒரு பொதுக் குறிப்பை மட்டும் அந்தப் பெயர் தருகிறது. நாவலின் முதல் பிரெஞ்சு மொழிபெயர்ப்பில் அந்தப் பன்றிக்கு சீசர் என்று பெயரை மாற்றினார்கள். மாற்றியும் கதையில் ஒன்றும் குறையவில்லை என்பதைக் கவனியுங்கள்.

உருவத்தை வைத்தும் பெரிதாகச் சொல்ல முடியாது. ஆர்வெல் அதற்கு மீசை வைக்கவில்லை, வாயில் புகைக்குழாய் செருகவில்லை. பண்ணையிலேயே பெர்க்‌ஷயர் இனத்தைச் சேர்ந்த பன்றி அது ஒன்றுதான், அதிகம் பேசாது, ஆனால் நினைத்ததைச் சாதிக்கும் என்று அறிமுகப்படுத்துகிறார், அவ்வளவே. ஸ்டாலினும் ரஷ்யர் அல்லர். ஜார்ஜியாவின் கோரி என்ற ஊரில் பிறந்தவர். கடைசிவரை ஜார்ஜியச் சாயலோடுதான் ரஷ்ய மொழி பேசினார், மேடைப் பேச்சில் பெயர் எடுத்தவரும் அல்லர். பொருந்துகிறதுதான். ஆனால் வேற்று இனத்தவன், அதிகம் பேசாதவன் என்ற இரண்டும் எத்தனையோ பேருக்குப் பொருந்தும். இதை மட்டும் வைத்து ஒருவரைக் கைகாட்ட முடியாது.

ஆளைக் காட்டிக்கொடுப்பது பக்கத்தில் நிற்பவர்கள். புதிதாகப் படிக்கிறவர்கள் பிடித்துக்கொள்ள வேண்டிய நூல்முனை இது. ஒரு பாத்திரத்தைத் தனியாக நிறுத்தி, இது யார் என்று கேட்காதீர்கள். அதைச் சுற்றி யார் யார், அவர்களுக்கு அது என்ன செய்தது, எந்த வரிசையில் செய்தது என்று பாருங்கள்.

நெப்போலியனுக்குப் பக்கத்தில் ஸ்னோபால் இருக்கிறது. துடிப்பான பன்றி, நன்றாகப் பேசும், புதுப்புதுத் திட்டம் போடும். ஜோன்ஸ் ஆட்களோடு திரும்பி வந்தபோது மாட்டுக்கொட்டகைப் போரை முன்னின்று நடத்தியதும் அதுதான். அந்தப் போரில் முதுகில் துப்பாக்கி ரவை பட்டு ரத்தம் வழிய ஓடியது. ரஷ்யாவில் செஞ்சேனையைக் கட்டி உள்நாட்டுப் போரை நடத்தியவர் லியோன் ட்ராட்ஸ்கி. பேச்சாளர், எழுத்தாளர். லெனின் 1924-ல் இறந்த பிறகு ஸ்டாலினுக்கும் அவருக்கும் நடந்த போட்டியில் தோற்றார். 1927-ல் கட்சியிலிருந்து நீக்கப்பட்டு, 1928-ல் கசகஸ்தானில் உள்ள அல்மா-ஆட்டாவுக்கு அனுப்பப்பட்டு, 1929-ல் நாட்டை விட்டே துரத்தப்பட்டார். 1940 ஆகஸ்டில் மெக்சிகோவில் ஸ்டாலினின் ஆள் அவரைக் கொன்றான்.

காற்றாலை விவகாரத்தைப் பாருங்கள். காற்றாலை கட்டி மின்சாரம் எடுக்கலாம் என்று ஸ்னோபால் சொல்கிறது. நெப்போலியன் எதிர்க்கிறது, தரையில் வரைந்திருந்த வரைபடத்தின் மேலேயே சிறுநீர் கழித்துவிட்டுப் போகிறது. ஓட்டெடுப்பு நாளில், தான் பரணில் ரகசியமாக வளர்த்துவந்த ஒன்பது நாய்களை ஏவி ஸ்னோபாலை விரட்டுகிறது. மூன்று வாரம் கழித்து, காற்றாலையைக் கட்டத்தான் போகிறோம், அது முதலிலிருந்தே நெப்போலியனின் யோசனைதான் என்று அறிவிப்பு வருகிறது. சோவியத் நாட்டில் தொழில்மயமாக்கலை வேகப்படுத்த வேண்டும் என்றவர்களில் முக்கியமானவர் ட்ராட்ஸ்கி. அதை எதிர்த்த ஸ்டாலின், அவரை ஒழித்துக்கட்டிய கையோடு 1928-ல் முதல் ஐந்தாண்டுத் திட்டத்தைத் தொடங்கி, அவர் கேட்டதைவிடப் பல மடங்கு வேகத்தில் அதை ஓட்டினார். எதிர்த்தல், விரட்டுதல், திருடுதல் என்ற இந்த வரிசை தற்செயலாக ஒரு பன்றிக்கதையில் வந்து விழாது.

இதற்குப் பின் வருவது இன்னும் கூர்மையானது. ஸ்னோபால் போன பிறகு, அதன் கடந்த காலம் மாற ஆரம்பிக்கிறது. மாட்டுக்கொட்டகைப் போரில் அதன் பங்கு பெரிதாகச் சொல்லப்பட்டுவிட்டது என்று முதலில் பேச்சு வருகிறது. அடுத்து, அது ஆரம்பத்திலிருந்தே ஜோன்ஸின் கையாள் என்கிறார்கள். அதற்கும் அடுத்து, அதற்கு வீரப் பதக்கமே தரப்படவில்லை என்கிறார்கள். சிலர் அதன் முதுகில் பார்த்த காயங்கள் நெப்போலியனின் பல் பட்ட காயங்கள் என்று கதை முடிகிறது. சோவியத் நாட்டில் ட்ராட்ஸ்கி இருந்த புகைப்படங்களில் அவரை அழித்தார்கள், வரலாற்று நூல்களில் அவரை முதலில் சுருக்கிப் பிறகு துரோகியாக்கினார்கள். கண்ணால் பார்த்ததையே நம்ப முடியாமல் நிற்கும் அந்த மிருகங்களைப் படிக்கும்போது எனக்கு இன்றும் நெஞ்சு கனக்கிறது.

பிறகு களப்பலி. ஒரு நாள் நெப்போலியன் எல்லோரையும் முற்றத்தில் கூட்டுகிறது. நான்கு பன்றிகள், ஸ்னோபாலோடு ரகசியத் தொடர்பு வைத்திருந்தோம் என்று தாமே ஒப்புக்கொள்கின்றன. நாய்கள் அங்கேயே குரல்வளையைக் கடிக்கின்றன. கோழிகள், வாத்து, ஆடுகள் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்து, செய்திருக்கவே முடியாத குற்றங்களை ஒப்புக்கொண்டு சாகின்றன. 1936 முதல் 1938 வரை மாஸ்கோவில் நடந்த பகிரங்க வழக்குகள் அப்படியே இவை. ஜினோவியெவ், காமனெவ், புகாரின் என்று புரட்சியை நடத்திய தலைவர்களே கூண்டில் நின்றார்கள். ட்ராட்ஸ்கியோடு சேர்ந்து சதி செய்ததாக ஒப்புக்கொண்டார்கள், சுடப்பட்டார்கள். மேடை ஏறாத வழக்குகள் அதைவிடப் பல மடங்கு. 1937, 1938 ஆகிய இரண்டு ஆண்டுகளில் மட்டும் சுமார் 6,80,000 பேருக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டதை சோவியத் ஆவணங்களே காட்டுகின்றன.

முட்டையைக் கொடுக்க மறுத்து உத்தரத்தில் ஏறி உட்கார்ந்து, முட்டைகளைக் கீழே விழுந்து உடையவிட்ட கோழிகளுக்குத் தீனி நிறுத்தப்படுகிறது. ஒன்பது கோழிகள் சாகின்றன. நிலத்தையும் மாட்டையும் ஒன்றுசேர்த்து அரசு அமைத்த கூட்டுப்பண்ணைக்கு மாட்டைக் கொடுப்பதற்குப் பதில் தாமே அறுத்துவிட்ட விவசாயிகள் அவர்கள். அதைத் தொடர்ந்து 1932, 1933-ல் வந்த பஞ்சத்தில் உக்ரைனிலும் கசகஸ்தானிலும் பிற பகுதிகளிலும் பல பத்து லட்சம் பேர் செத்தார்கள். வெளியாள் பார்க்க வரும்போது தானியத் தொட்டிகளில் மணலை நிரப்பி மேலே கொஞ்சம் தானியத்தைத் தூவி வைக்கிறது நெப்போலியன். பஞ்சமே இல்லை என்று வெளியுலகத்துக்குச் சொன்ன அரசு அது.

பக்கத்துப் பண்ணைக்காரன் ஃபிரெடெரிக் ஹிட்லர். அவனோடு நெப்போலியன் செய்யும் மரவியாபாரம் ஒருவரையொருவர் தாக்குவதில்லை என்று ஸ்டாலின் அரசும் ஹிட்லர் அரசும் 1939 ஆகஸ்டில் கையெழுத்திட்ட ஒப்பந்தம். அவன் தந்தது கள்ளநோட்டு என்று தெரிந்த மறுநாளே ஆட்களோடு தாக்க வருகிறான். நிஜத்தில் அது ஹிட்லரின் படை சோவியத் நாட்டுக்குள் புகுந்த 1941 ஜூன் 22.

இத்தனையும் பொருந்திய பிறகு சந்தேகத்துக்கு இடமில்லை. புத்தகம் வெளிவராமல் தள்ளிப்போனதே அதனால்தான். 1944-ல் ஸ்டாலின் பிரிட்டனின் கூட்டாளி, ஹிட்லரை எதிர்த்து ரஷ்யர்கள் லட்சம் லட்சமாக உயிரைக் கொடுத்துக்கொண்டிருந்த நேரம். ஜோனதன் கேப் என்ற பதிப்பாளர் முதலில் சம்மதித்தார். தகவல் அமைச்சகத்தில் ஒரு முக்கிய அதிகாரியிடம் யோசனை கேட்ட பின் பின்வாங்கினார். அவர் எழுதிய கடிதம் நம் விஷயத்துக்கு ஒரு விளக்கவுரை போலவே இருக்கிறது. பொதுவாகச் சர்வாதிகாரிகளைப் பற்றிய கதையாக இருந்தால் வெளியிடுவதில் பிரச்சினை இல்லை, ஆனால் இது ரஷ்யாவில் நடந்ததை அடியொற்றிப் போவதால் ரஷ்யாவுக்கு மட்டுமே பொருந்துகிறது என்றார். ஆள்பவர்களைப் பன்றியாகக் காட்டியிருக்க வேண்டாம் என்றும் வருத்தப்பட்டார். பிறிதுமொழிதலாக இருந்தால் சரி, ஜாடையாக இருப்பதுதான் சங்கடம் என்பதே அதன் சாரம். அவருக்கு அந்த யோசனையைச் சொன்ன அதிகாரி சோவியத் உளவாளி என்பது பல ஆண்டுகள் கழித்துத் தெரியவந்தது.

ஒரே ஒரு சொல்

இப்போது, இந்தக் கட்டுரையை நான் எழுதுவதற்குக் காரணமான இடத்துக்கு வருகிறேன்.

ஃபிரெடெரிக்கின் ஆட்கள் காற்றாலையை வெடிவைத்துத் தகர்க்கிறார்கள். அந்தச் சத்தத்தில் நெப்போலியன் உட்பட எல்லா மிருகங்களும் குப்புற விழுந்தன என்றுதான் ஆர்வெல் முதலில் எழுதியிருந்தார். 1945 மார்ச்சில் அவர் பாரிஸில் இருந்தார். நாவல் அச்சுக்குத் தயாராகிக்கொண்டிருந்தது. அங்கிருந்து பதிப்பகத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். ‘உட்பட’ என்பதை ‘தவிர’ என்று மாற்றச் சொன்னார். நெப்போலியனைத் தவிர எல்லா மிருகங்களும் விழுந்தன என்று இருக்கட்டும் என்றார். காரணமும் சொன்னார். ஜெர்மானியப் படை முன்னேறி வந்தபோது ஸ்டாலின் மாஸ்கோவை விட்டுப் போகவில்லை, அவருக்கு நியாயம் செய்ய வேண்டும் என்றார்.

1941 அக்டோபரில் அரசு அலுவலகங்களும் வெளிநாட்டுத் தூதரகங்களும் குயிபிஷெவ் நகரத்துக்கு இடம்பெயர்ந்தன. எதிரி மாஸ்கோவை நெருங்கிக்கொண்டிருந்தான். ஸ்டாலின் நகரத்திலேயே இருந்தார். அது உண்மை.

எழுதுபவர் யார் என்று நினைத்துப் பாருங்கள். ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் பாசிஸ்டுகளை எதிர்த்துச் சண்டை போடப் போய், 1937 மே மாதம் கழுத்தில் குண்டு வாங்கியவர் ஆர்வெல். அவர் சேர்ந்திருந்த படைப்பிரிவை ‘ட்ராட்ஸ்கியவாதிகள்’ என்று முத்திரை குத்தி, ஸ்டாலினின் ஆட்கள் வேட்டையாடினார்கள். அந்தப் படைப்பிரிவை நடத்திய கட்சியின் தலைவர் ஆந்த்ரேயு நின்னைக் கடத்திக் கொன்றார்கள். ஆர்வெலின் நண்பர்கள் சிறைக்குப் போனார்கள். அவர் பார்சிலோனாவில் இரவெல்லாம் ஒளிந்து திரிந்து, ஜூன் மாதம் மனைவியோடு எல்லை தாண்டிப் பிரான்சுக்குத் தப்பினார். ஸ்டாலினை வெறுக்க அவருக்கு இருந்த காரணம் புத்தகத்தில் படித்து வந்த காரணம் இல்லை. அப்படிப்பட்டவர், தான் படைத்த பன்றி ஒரு நொடி தைரியமாக நின்றதா இல்லையா என்பதில் கூடப் பொய் வரக்கூடாது என்று வெளிநாட்டிலிருந்து கடிதம் எழுதித் திருத்துகிறார்.

ஜாடைப் பாத்திரத்துக்கும் வெறும் வசைக்கும் உள்ள வித்தியாசம் இந்தச் சொல்லில் இருக்கிறது என்று நான் நம்புகிறேன். ஒரு சர்வாதிகாரியைக் கோழை, கோமாளி, முட்டாள் என்று கதையில் எழுதுவது யாராலும் முடியும். ஆனால் அவர் கோழை இல்லை என்றால், கோழையாக வரும் பாத்திரம் வேறு யாரையோ குறிக்கத் தொடங்கிவிடும். விரல் விலகிவிடும்.

பொருந்தாத இடங்கள்

இவ்வளவு சொன்னதும், ஒவ்வொரு ஆட்டுக்கும் கோழிக்கும் நிஜத்தில் ஒரு பெயர் தேடிப் பிடிக்கும் ஆசை வரும். வேண்டாம். புரட்சிக் கனவைச் சொல்லிவிட்டுச் சாகும் மேஜர் என்ற கிழப்பன்றியில் கார்ல் மார்க்ஸும் இருக்கிறார், பாடம் செய்த உடலாக மாஸ்கோவில் காட்சிக்கு வைக்கப்பட்ட லெனினும் கொஞ்சம் இருக்கிறார். ஏனென்றால் மேஜரின் மண்டையோட்டைத் தோண்டி எடுத்து மரியாதை செய்யச் சொல்கிறது நெப்போலியன். ஆனால் 1917-ல் புரட்சியை நடத்திய லெனினுக்கு நாவலில் தனி ஆள் கிடையாது. பேச்சால் கறுப்பை வெள்ளையாக்கும் ஸ்க்வீலர் என்ற பன்றி ஒரு மனிதரைவிட ஒரு பத்திரிகையையே அதிகம் குறிக்கிறது. பெரியதும் சிறியதுமான இந்த மாற்றங்களை ஆர்வெல் மறைக்கவில்லை. 1947-ல் வந்த உக்ரைனிய மொழிபெயர்ப்புக்கு எழுதிய முன்னுரையில், நிகழ்ச்சிகள் ரஷ்யப் புரட்சியிலிருந்து எடுத்தவைதான், ஆனால் கதையின் அமைப்புக்காக அவற்றைச் சுருக்கியும் காலவரிசையை மாற்றியும் எழுதியிருக்கிறேன் என்று சொல்லிவிட்டார்.

எந்த இடம் திருப்புமுனை என்று கேட்டால், பலரும் ஸ்னோபாலை விரட்டிய காட்சியைச் சொல்வார்கள். ஆர்வெல் சொன்னது வேறு. பாலையும் ஆப்பிளையும் பன்றிகள் தமக்கென்று வைத்துக்கொண்டதே, மற்றவர்கள் அப்போதே எதிர்த்திருந்தால் எல்லாம் சரியாக நடந்திருக்கும் என்று 1946-ல் ஒரு கடிதத்தில் எழுதினார். அந்தக் கட்டத்தில் நெப்போலியன் இன்னும் சர்வாதிகாரி ஆகவில்லை. பால் வாளியின் முன்னால் வந்து நின்று, பாலைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், அறுவடை முக்கியம் என்று சொல்லி அனுப்புகிறது. சாயங்காலம் வந்து பார்த்தால் பாலைக் காணோம். வாசகர்கள் அதை ஒரு சிறிய விஷயமாக நினைத்துத் தாண்டிப் போய்விடுகிறார்கள். நானும் முதல் முறை தாண்டித்தான் போனேன்.

ஜாடை காட்ட வேறு வழிகளும் உண்டு. சார்லி சாப்ளின் 1940-ல் எடுத்த ‘தி கிரேட் டிக்டேட்டர்’ முக ஜாடையிலிருந்து தொடங்குகிறது. அவருக்கும் ஹிட்லருக்கும் ஒரே மாதிரி மீசை, பிறந்ததும் 1889 ஏப்ரலில் நான்கு நாள் இடைவெளியில். ஹிங்கெல் என்ற பாத்திரம் வாயைத் திறந்து, ஜெர்மன் மாதிரி ஒலிக்கும் அர்த்தமில்லாத மொழியில் கத்தத் தொடங்கினால் போதும், யார் என்று குழந்தைக்கும் தெரியும். ஊகிக்க ஒன்றும் இல்லை, அந்தக் கோலத்தைப் பார்த்துச் சிரித்துப் பயத்தைத் தொலைப்பதுதான் நோக்கம். வதைமுகாம்களின் முழுக் கொடுமை அப்போது தெரிந்திருந்தால் அந்தப் படத்தை எடுத்திருக்கவே முடியாது என்று சாப்ளின் பின்னாளில் தன் வாழ்க்கை வரலாற்றில் எழுதினார். சிரிப்பை நம்பும் ஜாடைக்கு அப்படி ஓர் எல்லை இருக்கிறது. ஆர்வெலே எழுதி 1949-ல் வெளிவந்த ‘1984’ நாவலில், எல்லோரையும் கண்காணிக்கும் ஆட்சியின் தலைவரான பெரியண்ணனுக்குக் கறுப்பு மீசை உண்டு, சுவரொட்டி முகத்தில் ஸ்டாலின் சாயலும் உண்டு. ஆனால் அவர் ஒரு தடவைகூட நேரில் வருவதில்லை, உயிரோடு இருக்கிறாரா என்பதே தெரியாது. செயல் இல்லாத முகம் அது. அதனால்தான் உலகில் எங்கே யார் கண்காணித்தாலும் மக்கள் அந்தப் பெயரைச் சொல்கிறார்கள். அவர் மயிற்பீலி வண்டியின் பக்கம் போய்விட்டார்.

நெப்போலியனை அப்படி எல்லா ஊருக்கும் எடுத்துப்போக முடியாதா என்று கேட்கலாம். போகிறார்கள். பல நாடுகளில் தங்கள் ஆட்சியாளரை அந்தப் பன்றியில் பார்த்திருக்கிறார்கள். அதற்குக் காரணம், ஜாடைக்கு அடியில் கதை தன் காலில் நிற்பதுதான். ரஷ்ய வரலாறு ஒரு வரிகூடத் தெரியாதவரும், உடம்பு ஒடிய உழைத்த பாக்சர் என்ற குதிரையை இறைச்சி வண்டியில் ஏற்றிப் போகும் இடத்தில் அழுதுவிடுவார். வண்டியின் பக்கவாட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று கழுதை படித்துச் சொல்லும்வரை மற்ற மிருகங்கள் குரல்கொடுத்து வழியனுப்பிக்கொண்டிருக்கும்.

அந்த உக்ரைனிய மொழிபெயர்ப்பின் கதையைச் சொல்லியாக வேண்டும். போர் முடிந்தபின் சோவியத் நாட்டுக்குத் திரும்ப அஞ்சிய உக்ரைனியர்கள் ஏராளமானோர் ஜெர்மனியில் அகதி முகாம்களில் இருந்தார்கள். அவர்களுக்காகத்தான் அந்தப் பதிப்பு. அச்சான பிரதிகளில் சுமார் 1,500-ஐ அமெரிக்க ராணுவம் பறிமுதல் செய்து சோவியத் அதிகாரிகளிடமே ஒப்படைத்தது. மிச்சம் முகாம்களுக்குள் போய்ச் சேர்ந்தது.

அதை மொழிபெயர்த்த இளைஞர் இஹோர் ஷெவ்சென்கோ, புத்தகம் வருவதற்கு முன்பே, 1946 ஏப்ரலில் ஆர்வெலுக்கு ஒரு கடிதம் எழுதினார். ஆங்கிலப் பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு, அகதிகளுக்குப் பகுதி பகுதியாக உக்ரைனிய மொழியில் வாய்விட்டுச் சொல்லிவந்தாராம். கேட்டவர்கள் பஞ்சத்தையும் வழக்குகளையும் நேரில் பார்த்து வந்தவர்கள். எது எதைக் குறிக்கிறது என்று தேடுவதில்தான் முதலில் அவர்கள் கவனம் இருந்தது, அவர்களுக்கு யாரும் அடிக்குறிப்பு தர வேண்டியிருக்கவில்லை. ஆனாலும் அவர்களை அதிகம் உலுக்கிய இடங்களில் ஒன்றாக ஷெவ்சென்கோ குறிப்பிடுவது நெப்போலியன் இல்லாத ஒரு காட்சி. கொலைகள் முடிந்த பிறகு மிச்சமிருக்கும் மிருகங்கள் குன்றின்மேல் ஏறி ஒன்றையொன்று ஒட்டிப் படுத்துக்கொண்டு, பழைய புரட்சிப் பாட்டை மூன்று முறை, மெதுவாக, இதற்கு முன் பாடியே இராத சோகத்தோடு பாடுகின்றன. பாடி முடிக்கும் நேரத்தில் ஸ்க்வீலர் இரண்டு நாய்களோடு குன்றேறி வருகிறது, இனிமேல் அந்தப் பாட்டைப் பாடக்கூடாது என்று சொல்ல.